வற்றல் குழம்பு யாருக்குச் சொந்தம்?

வீட்டில் சமைப்பதை எழுதியும் படம் எடுத்தும் வீடியோவாகப் போட்டும் பகிர்கிறவர்கள் நடுவே அடிக்கடி கிளம்பும் சண்டை ஒன்று உண்டு. "என் ரெசிப்பியைத் திருடிவிட்டார்" என்று ஒருவர் சொல்வார். "வற்றல் குழம்பு என்ன உங்கள் வீட்டுச் சொத்தா, எல்லார் வீட்டிலும்தானே வைக்கிறார்கள்" என்று பதில் வரும். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆளுக்குப் பாதியைப் பிடித்துக்கொண்டு பேசுவதால்தான் சண்டை முடிவதே இல்லை.

2025 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் இதே சண்டை பெரிய செய்தியாகவே ஆனது. சிட்னியில் இருந்தபடி வீட்டுச் சமையல் குறிப்புகளை எழுதி உலகம் முழுக்க வாசகர்களைச் சேர்த்தவர் நாகி மாஎஹாஷி. பிரிஸ்பேனில் பேக்கரி நடத்தும் புரூக் பெல்லமியின் சமையல் புத்தகத்தில் தன்னுடைய காரமெல் ஸ்லைஸ், பக்லாவா என்ற இரண்டு இனிப்புகளின் குறிப்புகள் எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்று அவர் குற்றம்சாட்டினார். பெல்லமி மறுத்தார், பதிப்பகமும் மறுத்தது. காரமெல் ஸ்லைஸை 2016லிருந்தே செய்து விற்கிறேன் என்றார் பெல்லமி. செய்தியைப் படித்த பலருக்கும் வந்த கேள்வி இதுதான்: பொருளும் அளவும் ஒத்துப்போனால் அது திருட்டு ஆகாதா?

சட்டம் தரும் பதில் பலருக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பதிலுக்குள்ளேயே, தன் வீட்டையும் தன் சமையலையும் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

தமிழில் எழுதும்போது கூடுதலாக ஒரு சிக்கல். காப்பிரைட், பேட்டன்ட் இரண்டையுமே பத்திரிகைகளில் "காப்புரிமை" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டம், வேறு வேறு பொருள். அதனால் இங்கே காப்புரிமை என்ற சொல்லையே விட்டுவிடுகிறேன்.

1. பதிப்புரிமை. காப்பிரைட் என்கிறோமே, அது. எழுத்து, படம், இசை, வீடியோ போன்ற ஒரு படைப்பை நகல் எடுக்கவும் வெளியிடவும் மொழிபெயர்க்கவும் படைத்தவருக்கு உள்ள உரிமை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தாக இருந்தால் எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை நீடிக்கும்.

2. பேட்டன்ட். புதிய கண்டுபிடிப்புக்குத் தருவது. பொருள்களை வெறுமனே கலப்பதற்கும், வழிவழியாக வரும் அறிவுக்கும் பேட்டன்ட் கிடையாது என்று 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3வது பிரிவே சொல்கிறது. புளியோதரைப் பொடியில் எள்ளைக் கூட்டிப் போட்டேன் என்று போய் நிற்க முடியாது. வீட்டுச் சமையலைப் பொறுத்தவரை இதை மறந்துவிடலாம்.

3. வணிகக் குறி. டிரேட்மார்க். இது பண்டத்துக்கு இல்லை, அதன் மேல் ஒட்டும் பெயருக்கும் சின்னத்துக்கும்.

4. புவிசார் குறியீடு. ஓர் ஊரோடு ஒட்டிய பண்டத்துக்கு அந்த ஊர்க்காரர்களுக்குச் சேர்த்துத் தரும் உரிமை. தனி ஆளுக்குக் கிடைக்காது.

சண்டை வருவதெல்லாம் முதல் விஷயத்தில்தான்.

செய்முறைக்கு ஏன் உரிமை கிடையாது

பதிப்புரிமையின் அடித்தளம் ஒரே ஒரு கோடு. யோசனை ஒரு பக்கம், அதைச் சொன்ன விதம் மறு பக்கம். யோசனை எல்லாருக்கும் பொது, சொன்ன விதம் சொன்னவருக்குச் சொந்தம். ஒரு நாடகத்தைத் திரைப்படமாகக் காப்பியடித்தார்கள் என்று வந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978ல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது: கருவுக்கோ கதைப்பொருளுக்கோ உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான்.

இதை அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள். "மணத்தக்காளி வற்றல் 2 டேபிள்ஸ்பூன், நெல்லிக்காய் அளவு புளி, சாம்பார் பொடி 2 டீஸ்பூன், நல்லெண்ணெய்" என்பது தகவல். "எண்ணெயில் கடுகு, வெந்தயம், துவரம்பருப்பு தாளித்து, வற்றலை வறுத்து, பொடியைச் சேர்த்துப் புரட்டி, புளிக்கரைசலை ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, எண்ணெய் பிரிந்ததும் இறக்கவும்" என்பது செயல்முறை. இதில் எந்தச் சொல்லையும் ஒருவர் தன்னுடையது என்று வேலி போட முடியாது. போட்டால் மற்றவர்கள் குழம்பே வைக்க முடியாது. "பச்சை வாசனை போக", "எண்ணெய் பிரிந்ததும்" எல்லாம் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் சேர்ந்து உண்டாக்கிய சமையலறை மொழி.

அமெரிக்காவில் 1996ல் ஒரு வழக்கு. தயிரை வைத்து ஐம்பது பதார்த்தங்கள் என்று ஒரு நிறுவனம் புத்தகம் போட்டிருந்தது; அதிலிருந்த குறிப்புகள் வேறொரு வெளியீட்டாளரின் புத்தகங்களில் வந்ததாகப் புகார். பொருள் பட்டியலுக்கும் செய்முறை அடுக்குக்கும் பதிப்புரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது.

அந்தத் தீர்ப்பில் அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் முக்கியம். சமைப்பதைப் பற்றிய தன் சிந்தனையையும், ஒரு பதார்த்தம் வேகும்போது எழும் மணத்தோடு வரும் நினைவுகளையும் செய்முறைக்குள் கலந்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் விஷயம் வேறு என்று நீதிபதிகள் அந்தக் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

உங்கள் வீட்டுக் கதைதான் உங்கள் சொத்து

மேலே சொன்ன அதே குழம்பை ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"மூன்று நாளாக மழை, காய்க்காரர் வரவில்லை. அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி பரணிலிருந்து பீங்கான் ஜாடியை இறக்கினால் இன்று வற்றல் குழம்பு என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். வெந்தயம் சிவக்கிற வாசனை வாசல் திண்ணை வரை வரும். அப்பா அன்றைக்கு மட்டும் கூப்பிடாமலே சாப்பிட வந்து உட்காருவார்."

புளி அளவும் தாளிப்பும் மாறவில்லை. ஆனால் இந்த ஜாடியும் திண்ணையும் அப்பாவும் எழுதியவருடையவை. இந்த வரிகளை அப்படியே எடுத்தாலும், "அம்மா"வை "பாட்டி" என்று மாற்றிவிட்டு எடுத்தாலும் அது பதிப்புரிமை மீறல். ஒரு படைப்புக்குக் குறைந்தபட்சப் படைப்பாற்றல் இருக்க வேண்டும், வெறும் உழைப்பு போதாது என்று 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தால், பொருள் பட்டியல் விழுந்துவிடும், இந்த நான்கு வரி நிற்கும்.

"ரெசிப்பியைச் சொல்லுங்கள், கதை எதற்கு" என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் அந்தக் கதையைத்தான் சட்டம் மதிக்கிறது. இதை வீட்டுச் சமையல் எழுதும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

இது ஏட்டளவில் நிற்கிற விஷயம் இல்லை. சிங்கப்பூரில் வளர்ந்த ஷரன் வீ, தன் அம்மாவின் நோன்யா சமையலையும் (சீன, மலாய் மரபுகள் கலந்த சமையல்) அந்த வீட்டில் வளர்ந்த நினைவுகளையும் 2012ல் புத்தகமாக எழுதியிருந்தார். 2021ல், லண்டனில் பெயர்பெற்ற, சிங்கப்பூரில் பிறந்த சமையல் கலைஞர் எலிசபெத் ஹேய்கின் புத்தகத்தை ப்ளூம்ஸ்பரி வெளியிட்டது. தன் புத்தகத்திலிருந்து குறிப்புகளும் மற்ற பகுதிகளும் அனுமதி இல்லாமல் நகலாகவும் சொல் மாற்றியும் அதில் வந்திருக்கின்றன என்று ஷரன் வீ புகார் சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே உரிமைப் பிரச்சினை என்று சொல்லிப் பதிப்பகம் புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. அம்மாவின் கைப்பக்குவம், வீட்டில் பெரியவர்கள் சொன்ன காரணங்கள், அவர்கள் பழக்கங்கள் என்று ஒரு வீட்டின் நினைவே பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போகிறது என்று வாசகர்கள் எடுத்துக்காட்டியபோது, அதை வெறும் செய்முறைப் பொருத்தம் என்று தள்ளிவிட முடியவில்லை.

நடைமுறையில் எது சரி, எது தவறு

1. ஒருவர் வீடியோவைப் பார்த்து, அதே பண்டத்தை உங்கள் அடுப்பில் செய்து, உங்கள் வார்த்தையில் சொல்லி, உங்கள் கேமராவில் எடுத்தால் சட்டப்படி தவறில்லை. யாரிடம் கற்றீர்கள் என்று சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டும். ஒரு பெயரைச் சொல்ல ஐந்து நொடி ஆகாது, கற்றுக்கொடுத்தவருக்கு அது பெரிய விஷயம்.

2. அவருடைய வீடியோவை வெட்டி உங்கள் குரலைப் போட்டு ஏற்றினால் மீறல். வீடியோ தனியாகவே ஒரு படைப்பு.

3. படம் இன்னும் தெளிவான விஷயம். இட்லிப் பொடிக்கு உரிமை இல்லை, இட்லிப் பொடியின் புகைப்படத்துக்கு உண்டு. "நன்றி: கூகுள்" என்று கீழே போட்டால் அனுமதி வாங்கியதாக ஆகாது, கூகுள் தேடிக் காட்டியது மட்டும்தான். இன்னொன்று, பதிப்புரிமை படம் எடுத்தவருக்கு. சமைத்தது நீங்கள், போனில் எடுத்தது மகள் என்றால் சட்டத்தின் கண்ணில் படைப்பாளி மகள்தான். வீட்டுக்குள் இது பிரச்சினை ஆகாது, ஆனால் பழக்கமான ஒருவர் எடுத்துத் தந்த படங்களைப் புத்தகத்தில் போடும்போது கேட்டுக்கொள்வது நல்லது.

4. மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் ஒருவர் எழுதிய முன்னுரையையும் நினைவுகளையும் தமிழாக்கிப் போட்டால் வேறு மொழிதானே என்று சிலர் நினைக்கிறார்கள். மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவருக்குத்தான். அளவையும் செய்முறையையும் மட்டும் தெரிந்துகொண்டு நீங்களாகத் தமிழில் எழுதினால் சிக்கல் இல்லை.

5. பெயரை நீக்கிவிட்டு "படித்ததில் பிடித்தது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது. இதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது, அதிகம் வலிக்கச் செய்வதும் இதுதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவு படைத்தவருக்கு ஒரு தனி உரிமை தருகிறது: இது என்னுடையது என்று சொல்லும் உரிமை, சிதைத்து வெளியிட்டால் எதிர்க்கும் உரிமை. பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் இது போகாது.

6. உங்கள் சொந்த உபயோகத்துக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது, பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்வது எல்லாம் சட்டம் அனுமதிக்கும் நியாயமான பயன்பாடு. கவலையே வேண்டாம்.

தனித்தனிக் குறிப்புக்கு இல்லாவிட்டாலும், பல குறிப்புகளைத் தேர்ந்து ஒரு திட்டத்தோடு அடுக்கிய தொகுப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு புத்தகத்தின் நாற்பது குறிப்புகளை அதே வரிசையில் ஒருவர் எடுத்துப் போட்டால், "பட்டியலுக்கு உரிமை இல்லையே" என்று அவர் எளிதில் தப்பிக்க முடியாது.

எழுதிக் கொடுக்கும்போது என்ன போகிறது

வீட்டுச் சமையல் எழுதுகிறவர்கள் உண்மையாகவே இழப்பது திருட்டில் இல்லை, கையெழுத்தில். பத்திரிகைப் போட்டி, இணைப்பிதழ், பதிப்பகத்தோடு புத்தகம் என்று வரும்போது படிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிடுகிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை சில.

நீங்கள் ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதி அனுப்பினால், முதல் உரிமையாளர் நீங்கள்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். வாய்ப்பேச்சில் உரிமை மாறாது. எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் பொருள். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உரிமையை மாற்றுவது பற்றிய இதெல்லாம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19வது பிரிவிலேயே இருக்கிறது. அதனால் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று ஓர் ஒப்பந்தம் சொன்னால், யாரோ யோசித்துத்தான் அந்தச் சொற்களைப் போட்டிருக்கிறார்கள். கேள்வி கேளுங்கள், காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம் புரிகிறது, ஆனால் இருபது வருட எழுத்து ஒரு கையெழுத்தில் போய்விடக் கூடாது.

விற்க ஆரம்பித்தால்

எழுதுவதில் தொடங்கிப் பொடி, தொக்கு, வடகம் விற்பதில் போய் நிற்பவர்கள் நிறைய. இங்கே கணக்கு மாறுகிறது. பண்டத்தின் செய்முறையைப் பதிப்புரிமை காக்காது என்பதால் இரண்டு வழிதான் இருக்கிறது.

ஒன்று, பெயர். தனித்து நிற்கிற பெயரை வணிகக் குறியாகப் பதிந்தால் 10 ஆண்டு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். தனி நபர் இணையம் வழியாக விண்ணப்பித்தால் ஒரு பண்ட வகைப்பாட்டுக்கு 4,500 ரூபாய். "வீட்டுச் சுவை" மாதிரி எல்லாரும் சொல்லும் பெயராக இருந்தால் பதிவு கிடைப்பது கடினம்.

இரண்டு, சொல்லாமல் இருப்பது. உறையின் மேல் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்று உணவுச் சட்டம் கேட்கிறது. ஆனால் வறுக்கும் பக்குவத்தை யாரும் கேட்கப் போவதில்லை. தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இன்னும் இல்லை, அதனால் வேலைக்கு ஆள் வைத்தால் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதுதான் பாதுகாப்பு. வீடியோவில் ஒருமுறை விகிதத்தைச் சொல்லிவிட்டால் ரகசியம் அங்கேயே முடிந்தது. எதைப் பகிர்வது, எதை விற்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புவிசார் குறியீட்டையும் இங்கே சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். திருவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம், கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு எல்லாம் வாங்கியிருக்கின்றன. ரசகுல்லாவுக்கு 2017ல் வங்காளமும் 2019ல் ஒடிசாவும் தனித்தனியே வாங்கின. இதனால் நீங்கள் வீட்டில் முறுக்கு சுடுவதையோ அதன் குறிப்பை எழுதுவதையோ யாரும் தடுக்க முடியாது. "மணப்பாறை முறுக்கு" என்று வேறு ஊரில் சுட்டதற்குப் பெயர் போட்டு விற்கத்தான் தடை.

பட்டர் சிக்கனை உண்டாக்கியது யார் என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு 2024 ஜனவரியில் மோதி மஹால் உணவகத்தார் தர்யாகஞ்ச் உணவகத்தின் மேல் கொண்டுபோன வழக்கிலும் சண்டை "கண்டுபிடித்தவர்கள்" என்று போட்டுக்கொள்ளும் உரிமைக்காகத்தான். பட்டர் சிக்கனை இனி யாரும் சமைக்கக் கூடாது என்று எவரும் கேட்கவில்லை.

எழுத்து திருடு போனால்

முதலில் ஆதாரம். எடுத்தவருடைய பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, உங்கள் பதிவின் தேதியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செய்முறைதான் ஒத்துப்போகிறதா, உங்கள் வரிகளும் படமுமா என்று நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள். செய்முறை மட்டும்தான் என்றால் புகாருக்கு இடமில்லை.

வரிகளோ படமோ வீடியோவோ என்றால், முதலில் அவருக்கே எழுதுங்கள். தெரியாமல் செய்தவர்கள் எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் தளத்துக்குப் புகார். இந்தியச் சட்ட விதிகளின்படி முறையான எழுத்துப் புகார் வந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாள் வரை அந்தப் பக்கம் மூடியிருக்கும், அதற்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பவும் திறக்கலாம். யூடியூபுக்குத் தனி முறை இருக்கிறது: 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் (உரிமை மீறல் எச்சரிக்கை) வாங்கினால் சேனலே போகலாம். அதனால்தான் வெறும் செய்முறை ஒத்துப்போனதற்காகக் கோபத்தில் புகார் போடக் கூடாது. எதிரே இருப்பவரும் வீட்டில் இருந்து சமைத்துப் பகிர்கிற ஒருவர்தான்.

பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்பது தவறான எண்ணம். எழுதிய நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்தால் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட வசதி, அவ்வளவுதான்.

பாட்டியின் நோட்டு

அப்புறம் பலர் கேட்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. காலமாகிவிட்ட பாட்டியோ அம்மாவோ கைப்பட எழுதி வைத்த சமையல் நோட்டைப் புத்தகமாகப் போடலாமா?

நோட்டு யார் அலமாரியில் இருக்கிறது என்பது கேள்வி இல்லை. அதன் எழுத்துக்குரிய பதிப்புரிமை அவருடைய வாரிசுகள் எல்லாருக்கும் போகிறது. மாமா, சித்தி, பெரியம்மா எல்லாரும் அதில் உண்டு. பாட்டி உயிலில் "இந்த நோட்டு இன்ன பேத்திக்கு" என்று எழுதியிருந்தால், வேறு மாதிரிக் குறிப்பிடாதவரை, வெளிவராத அந்தக் கையெழுத்துப் பிரதியோடு பதிப்புரிமையும் சேர்ந்தே அந்தப் பேத்திக்கு வருகிறது. உயில் இல்லை என்றால் எல்லாரிடமும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

காலக்கணக்கும் இங்கே வேறு. எழுதியவர் இருக்கும்போது வெளிவராத எழுத்து, அவர் காலத்துக்குப் பிறகு முதல்முறை வெளியானால், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பாட்டி போய் முப்பது வருடம் ஆகியிருந்தாலும், இந்த ஆண்டு புத்தகம் வந்தால் கணக்கு அடுத்த ஜனவரியில்தான் தொடங்கும். ஓரத்தில் "பெரியவனுக்குக் காரம் ஆகாது, மிளகாய் இரண்டு போதும்" என்று அவர் எழுதி வைத்த குறிப்பையும் திருத்தாமல் அச்சில் கொண்டுவாருங்கள். அட்டையில் அவர் பெயரைப் போடுங்கள்.